கணக்கோடு காரணத்தையும் கற்பித்த அறிஞர் அல் குவாரிஸ்மி



மஃரிபுத் தொழுகை முடிந்த வேளையில், உங்கள் இல்லத்தின் ஒரு மூலையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண் கலங்கி அமர்ந்திருக்கும் பிள்ளையை நீங்கள் கண்டிருப்பீர்கள். இயற்கணிதமும் வடிவியலும் அப்பிள்ளைக்கு யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து தலையில் ஏற்றிய சுமையாகத் தோன்றுகின்றன. விடையை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளக் கைப்பேசி இருக்கிறது. ஆனால் அந்த விடை எவ்வாறு வந்தது, ஏன் அவ்வாறு வந்தது என்று அருகில் அமர்ந்து பொறுமையோடு எடுத்துரைப்பார் பல இல்லங்களில் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு இன்று ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள். இயற்கணிதத்தை உலகம் 'அல்ஜிப்ரா' என்று அழைக்கிறதே, அது அரபுச் சொல். அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கிய நூலை ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன்னர் பக்தாது நகரில் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதினார். அவர் அதை எழுதியது தம் புலமையைப் பறைசாற்றுவதற்காக அன்று. கணக்கறியாமல் இடர்ப்பட்டுக் கொண்டிருந்த சாமானிய மக்களின் சிரமத்தை நீக்குவதற்காகவே எழுதினார். அப்பெருமகனாரே முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி (ரஹ்) அவர்கள்.

அறிவு செழித்த நகரம்

மத்திய ஆசியாவில், ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ நதி பாயும் நிலப்பகுதிக்குக் குவாரிஸ்ம் என்று பெயர். இன்று அது உஸ்பெகிஸ்தான், துர்க்மேனிஸ்தான் ஆகிய நாடுகளில் அடங்கியிருக்கிறது. அம்மண்ணின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட அல் குவாரிஸ்மி, கி.பி. 780ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, 850ஆம் ஆண்டையொட்டி மறைந்தவர்.

அவருடைய அறிவு வாழ்க்கை முழுமை பெற்ற இடம் பக்தாது. அப்பாஸிய கலீஃபா மன்சூர் 762ஆம் ஆண்டில் தஜ்லா நதிக்கரையில் அந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு தலைமுறைக்குள் அது உலகின் பேரறிஞர்கள் நாடி வரும் தலைநகராயிற்று. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மஃமூன் காலத்தில், பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில் கிரேக்க, பாரசீக, இந்திய நூல்களெல்லாம் அரபு மொழியில் ஆராயப்பட்டன. நல்லறிவு எத்திசையில் கிடைத்தாலும் அதனை ஏற்றுக்கொள்வதில் அன்றைய முஸ்லிம்கள் தயக்கம் காட்டவில்லை. அந்த அறிவகத்தில் பணியாற்றிய வானியலாராகவும் கணித மேதையாகவும் அல் குவாரிஸ்மி விளங்கினார்.

கலீஃபா மஃமூன், கணிதத்தில் சுருக்கமான நூல் ஒன்றை எழுதும்படி அவரை ஊக்கப்படுத்தினார். அதன் பயனாகத் தோன்றியதுதான் 'அல் கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல் முகாபலா' என்னும் நூல். அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதரைப் போற்றித் தொடங்கும் அந்நூலின் முன்னுரையில், தாம் யாருக்காக எழுதுகிறார் என்பதை அவர் தெளிவாக்கிவிடுகிறார். வாரிசுரிமைப் பங்கீட்டிலும், மரண சாசனத்திலும், வழக்குகளிலும், வாணிபத்திலும், நிலம் அளப்பதிலும், கால்வாய் வெட்டுவதிலும் மக்களுக்கு அன்றாடம் எந்தக் கணக்குகள் தேவைப்படுகின்றனவோ, அவற்றில் எளியதையும் மிகுந்த பயனுள்ளதையும் தருவதே அவருடைய நோக்கம்.

அதே முன்னுரையில் அறிஞர்களை அவர் மூவகையினராகப் பிரிக்கிறார். முன்பு எவரும் அறியாததைக் கண்டறிபவர் ஒருவர். முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் கடினமானதை விளக்கி வழியை எளிதாக்குபவர் இன்னொருவர். பிழை கண்டால், முன்னோரைக் குறை கூறாமலும் தம்மைப் பெருமைப்படுத்திக் கொள்ளாமலும் அதனைத் திருத்துபவர் மற்றொருவர். வாசகர்களே! கடினமானதை எளிதாக்கித் தருபவரையும் புதியன காண்பவரோடு ஒரே வரிசையில் அவர் நிறுத்தியிருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்கை விளங்க வைப்பவரும் அறிவின் பணியாளரே என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடமாகும்.

ஜப்ரும் முகாபலாவும்

ஜப்ர் என்னும் அரபுச் சொல்லுக்கு உடைந்ததைச் சீராக்குதல் என்பது பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அச்சொல் வழங்கும். ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்று அழைத்தது அதன் எச்சமேயாகும். கணக்கில், ஒரு பக்கத்தில் ஏதேனும் குறைக்கப்பட்டிருந்தால், அக்குறையை நிரப்பி, அதே அளவை மறுபக்கத்திலும் கூட்டுவது ஜப்ர். இரு பக்கங்களிலும் ஒரே இனமான அளவு இருந்தால், இரண்டிலிருந்தும் சமமாக நீக்கிவிடுவது முகாபலா. தராசின் இரு தட்டுகளையும் ஏற்றத்தாழ்வின்றி வைத்திருக்கும் நேர்மையான வணிகரின் செயலைப் போன்றது இது.

அவர் தரும் கணக்கொன்றைப் பாருங்கள். 10 என்னும் எண்ணை இரு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியை அதனாலேயே பெருக்கினால் வரும் தொகை, இரு பகுதிகளையும் ஒன்றோடொன்று பெருக்கி வருவதைப் போல் நான்கு மடங்காக இருக்க வேண்டும். அறியாத அந்தப் பகுதிக்கு அவர் 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்று பெயரிடுகிறார். மற்றப் பகுதி, 10இல் ஒரு பொருள் குறைந்தது. இரண்டையும் பெருக்கி நான்கு மடங்காக்கினால், 40 பொருளில் 4 வர்க்கம் குறைந்த தொகை வரும். அது ஒரு வர்க்கத்துக்குச் சமம். குறைந்த 4 வர்க்கத்தை நிரப்பி, மறுபக்கத்திலும் 4 வர்க்கத்தைக் கூட்டினால், 5 வர்க்கம் 40 பொருளுக்குச் சமமாகிறது. ஒரு வர்க்கம் 8 பொருளுக்குச் சமமாகிறது. ஆகவே பொருள் 8. மற்றப் பகுதி 2. சரிபாருங்கள்: 8ஐ 8ஆல் பெருக்கினால் 64, 8ஐ 2ஆல் பெருக்கினால் 16, அதன் நான்கு மடங்கும் 64.

இன்றைய பாடநூல்களில் உள்ள எழுத்துக் குறிகள் எதுவும் அவர் நூலில் இல்லை. முழுவதையும் சொற்களாலேயே எழுதினார். எழுத்தறிந்த எவரும், ஒரு கடைக்காரரும்கூட, வாசித்துப் பின்பற்றலாம் என்னும் வகையில் அது அமைந்தது.

காரணத்தைக் காட்டிய கருணை

கணக்குகளை அவர் ஆறு வகைகளாக ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு வகைக்கும் வழியைச் சொன்னார். அத்துடன் நின்றுவிடாமல், வர்க்கமும் மூலமும் எண்ணும் ஒருங்கே சேர்ந்து வரும் கடினமான வகைகளுக்கு அந்த வழி ஏன் சரியாகிறது என்பதையும் படம் வரைந்து காட்டினார். இங்கேதான் இயற்கணிதமும் வடிவியலும் கைகோக்கின்றன.

பல நூற்றாண்டுகளாக ஆசிரியர்கள் எடுத்துக் கற்பித்துவரும் அவருடைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வர்க்கமும், அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்தால் 39. மூலம் எது? அவர் கூறும் வழி இது: 10இல் பாதி 5. அதை அதனாலேயே பெருக்கினால் 25. அதனுடன் 39ஐக் கூட்டினால் 64. அதன் மூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழித்தால் 3. அதுவே விடை.

வழி தெரிந்துவிட்டது, காரணம்? ஒரு தாளை எடுத்துப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து நீங்களே வரைந்து பாருங்கள். முதலில் ஒரு சதுரம் வரையுங்கள். அதன் பக்கம்தான் நாம் தேடும் மூலம். அச்சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் இரண்டரை அளவு அகலமுள்ள நான்கு பட்டைகளை ஒட்டுங்கள். நான்கு இரண்டரை சேர்ந்தால் 10. ஆகவே அந்நான்கு பட்டைகளும் மூலத்தின் பத்து மடங்கு ஆயின. சதுரமும் பட்டைகளும் சேர்ந்த பரப்பு 39. இப்போது படத்தின் நான்கு மூலைகளும் வெறுமையாக இருக்கின்றன. ஒவ்வொரு மூலையும் இரண்டரைக்கு இரண்டரை. அதன் பரப்பு ஆறேகால். நான்கு மூலைகளும் சேர்ந்து 25. அவற்றை நிரப்பிவிட்டால் 39உடன் 25 சேர்ந்து 64 பரப்புள்ள முழுமையான பெருஞ்சதுரம் கிடைக்கிறது. அதன் பக்கம் 8. இரு முனைகளிலும் ஒட்டிய இரண்டரை, இரண்டரையை நீக்கினால் எஞ்சுவது 3.

பார்த்தீர்களா? வாய்பாடாக மனனம் செய்தபோது புதிராயிருந்த 25, படத்தில் நான்கு வெற்று மூலைகளாகக் கண்முன் நிற்கிறது. விடையைப் பெற்ற மாணவன் அந்த ஒரு கணக்கை முடிப்பான். காரணத்தைப் பெற்ற மாணவனோ அவ்வகையைச் சேர்ந்த எல்லாக் கணக்குகளையும் தானே முடிப்பான். நாளை பிறருக்கும் கற்பிப்பான்.

அதே நூலில் நிலம் அளக்கும் பகுதியும் உண்டு. 13, 14, 15 என்னும் பக்க அளவுகளையுடைய முக்கோணத்தின் பரப்பைக் காண வேண்டும். 14ஐ அடியாகக் கொண்டு, உச்சியிலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அந்த அடியை எங்கே தொடும் என்பதை முன்கூறிய 'பொருள்' முறையினாலேயே அவர் கண்டறிகிறார். அடியின் ஒரு பகுதி 5, மறுபகுதி 9, உயரம் 12. அடியில் பாதியான 7ஐ 12ஆல் பெருக்கினால் பரப்பு 84. கோணல் நிலத்தை வைத்துக்கொண்டு எல்லைத் தகராறில் நிற்கும் இரு விவசாயிகளுக்கு இக்கணக்கு எத்துணை பெரிய உதவி என்பதைச் சிந்தியுங்கள்.

பங்கும் பொறுப்பும்

வாசகர்களே! இனிக் கூறப்போவதே இவ்வறிஞரின் வரலாற்றில் நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் பகுதி. அந்நூலின் ஏறத்தாழப் பாதி, மரண சாசனமாகிய வஸிய்யத்தையும் வாரிசுகளின் பங்கீட்டையும் பற்றியது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அன்னிஸாவில் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அல்லாஹ் வாரிசுகளின் பங்குகளை விதித்திருக்கிறான். பாதி, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று என்று பின்னங்களாகவே அவை விதிக்கப்பட்டுள்ளன. ஆதலால் இறைக்கட்டளையை நிறைவேற்றக் கணக்கறிவு தேவையாயிற்று. நபித்தோழர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் இத்துறையில் தலைசிறந்தவராக விளங்கினார்கள். அந்த மரபின் சுமையை எளிதாக்கவே அல் குவாரிஸ்மி தம் கணிதத்தைப் பயன்படுத்தினார்.

அவர் தரும் கணக்கு ஒன்று: ஒரு பெண்மணி மரணமடைகிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் வாரிசுகள். வாரிசல்லாத ஒருவருக்குத் தம் சொத்தில் எட்டில் ஒரு பங்கும், ஏழில் ஒரு பங்கும் சேர்த்து வஸிய்யத் செய்திருக்கிறார். அவ்விரண்டும் சேர்ந்தால் 56இல் 15 பங்கு. அது மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குவதால் செல்லும். எஞ்சுவது 56இல் 41. அதில் கணவருக்குக் கால் பங்கு. மீதத்தில் மகனுக்கு இரண்டும், மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றுமாக ஐந்து கூறுகள். எவர் பங்கும் உடைந்த எண்ணாக வாராதிருக்க, முழுச் சொத்தையும் 1120 பங்குகளாக வைத்துக்கொள்கிறார். வஸிய்யத் பெறுபவருக்கு 300. மீதி 820இல் கணவருக்கு 205. எஞ்சிய 615இல் மகனுக்கு 246; மகள் ஒவ்வொருவருக்கும் 123. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்; 1120இல் ஒன்றும் குறையாது, ஒன்றும் மிகாது.

இக்கணக்கு பின்னங்களைக் கொண்டே முடிந்துவிடுகிறது. வஸிய்யத்தும் கடனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வேறு கணக்குகளில், அறியாத தொகையைப் 'பொருள்' என்று வைத்துக்கொண்டு தீர்ப்பதற்கு ஜப்ரும் முகாபலாவும் அவருக்குக் கைகொடுக்கின்றன.

அந்த 123 என்னும் எண்ணைச் சற்று உற்றுநோக்குங்கள். அது ஒரு மகளின் உரிமை. தந்தையோ, தமையனோ மனமிரங்கித் தருகின்ற அன்பளிப்பு அன்று. அல்லாஹ் விதித்த பங்கு. மத்ரஸாக்களில் ஃபராயிள் பாடம் நடத்தும் எங்களைப் போன்றோரிடம் பங்கீடு கேட்டு வருபவர்கள் உண்டு. தாளில் பங்கு எழுதிக் கொடுப்போம். ஆனால் மகள்களின் பெயருக்கு நேரே உள்ள எண் தாளோடு நின்றுவிடுவதையும் கண்டு வருந்தியிருக்கிறோம். திருமணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், இனிப் பங்கு எதற்கு என்று கேட்கிறார்கள். வாழ்நாளில் கொடுத்தது கொடையாகும். மரணத்திற்குப் பின் வருவது பங்காகும். ஒன்று மற்றொன்றை அழிக்காது. கணக்குத் தெரியாத சகோதரியின் அறியாமையில் தன் பங்கைப் பெருக்கிக்கொள்பவன், மறுமையின் கணக்கில் எவ்வளவு நட்டமடைவான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, பின்னக் கணக்கைக் கற்பிப்பது தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. நாளை அவர்கள் தம் உரிமையைத் தாமே கணக்கிட்டு அறிந்துகொள்ளவும், பிறர் உரிமையில் கை வைக்காதிருக்கவும் அக்கல்வி துணை செய்யும்.

உலகம் பெற்ற செல்வம்

அல் குவாரிஸ்மியின் பணி இத்துடன் முடியவில்லை. இந்தியர் கண்ட பத்து எண்ணுருக்களைக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் செய்யும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். வெற்றிடத்தைக் குறிக்கும் 'ஸிஃபர்' என்னும் பூஜ்யத்தின் பயனும் அதில் விளக்கப்பட்டது. இந்தியரிடமிருந்து கற்றதை இந்தியருடையது என்றே கூறியது அவருடைய நேர்மை. இந்திய வானியலின் அடிப்படையில் 'ஸிந்துஹிந்து' என்னும் வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார். 'சூரத்துல் அர்ள்' என்னும் நிலநூலில் நகரங்கள், மலைகள், கடல்கள், நதிகள் என 2402 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொடுத்தார்.

அவருக்குப் பின் எகிப்து நாட்டு அபூ காமில் அவருடைய இயற்கணிதத்தை மேலும் வளர்த்தார். 1131இல் மறைந்த உமர் கய்யாம், கனம் அடங்கிய கணக்குகளையும் வடிவியலால் தீர்த்துக் காட்டினார். 1145ஆம் ஆண்டில் செஸ்டர் நகரத்து ராபர்ட் என்பவர் ஸ்பெயினில் உள்ள செகோவியா நகரில் அல் குவாரிஸ்மியின் இயற்கணித நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். அதன்பின் ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் அவரிடமிருந்து கற்றது. 1342ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்ட அரபுப் பிரதியொன்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. அதை 1831இல் ரோசன் என்னும் அறிஞர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் பதிப்பித்தார்.

அவருடைய பெயர் லத்தீனில் 'அல்கோரித்மி' என்றாகி, ஒரு செயலைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் முறைக்கே 'அல்காரிதம்' என்று பெயராகிவிட்டது. கணினியும் கைப்பேசியும் அத்தகைய முறைகளைக் கொண்டே இயங்குகின்றன. உங்கள் பிள்ளை விடை தேடிக் கையிலெடுக்கும் கைப்பேசிக்குள்ளேயே, பக்தாதின் அந்த ஆசிரியருடைய பெயர் தாங்கிய முறை வேலை செய்துகொண்டிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

வாசகர்களே! முன்னோரின் பெருமையைப் பேசி மகிழ்வது எளிது. அவர்கள் செய்ததை நாமும் நம்மால் இயன்ற அளவில் செய்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அறிந்ததை மறைத்து வைப்பதை நம் மார்க்கம் கண்டித்திருக்கிறது. பயனுள்ள கல்வியை விட்டுச் செல்பவருக்கு மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் கணிதம் பயின்ற மகனோ மகளோ இருந்தால், வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் அண்டைவீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வைத்துக் கற்பிக்கச் சொல்லுங்கள். விடையை உடனே சொல்லிவிட வேண்டாம். படத்தை வரையச் சொல்லுங்கள். வெற்று மூலைகள் எவை என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தவறு செய்தால் ஏசாதீர்கள். தவறைக் கண்டவன், முன்னவரைக் குறை கூறாமல் திருத்த வேண்டும் என்னும் அல் குவாரிஸ்மியின் பண்பு, குழந்தைக்கு முன்னாலும் நமக்கு வேண்டும். பெரியவர்கள் தங்கள் குடும்பத்தில் தீராமல் கிடக்கும் பங்கீடு ஏதேனும் இருந்தால், ஆலிம் ஒருவரை அணுகி அதனைக் கணக்கிட்டு, உரியவர் கையில் உரியதைச் சேர்த்துவிடுங்கள்.

இன்று மஃரிபுக்குப் பின் அந்தப் பிள்ளையின் அருகில் அமருங்கள். ஒரு சதுரம் வரையுங்கள். நான்கு பட்டைகளை ஒட்டுங்கள். நான்கு மூலைகளை நிரப்புங்கள். கலங்கிய கண்கள் தெளிவதை நீங்களே காண்பீர்கள். பயனுள்ள கல்வியைக் கற்கவும், கற்பிக்கவும், கற்றபடி நீதியாக நடக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.